பூச்சிமருந்தும் கருவிலிருக்கும் பிள்ளையும்: நம் அட்டையில் இல்லாத ஒரு கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரங்களில் ஒரு பெண் கருவுற்றது தெரிந்ததும் கிராம சுகாதார செவிலியர் அவருடைய பெயரைப் பதிந்து, பேறுகாலப் பதிவுக்கான பிக்மி எண் வாங்கிக் கொடுக்கிறார். உயரம், எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை, முந்தைய பேறுகளின் விவரம், சொந்தத்தில் திருமணமா என்பது வரை ஒன்று விடாமல் தாய் சேய் நல அட்டையில் எழுதிக்கொள்கிறார். பல ஆண்டுகள் அந்த வேலையைச் செய்து, பிறகு அதை மேற்பார்வையிட்டு ஓய்வு பெற்றவள் என்ற முறையில், அங்கே கேட்கப்படாத ஒரு கேள்வியைப் பற்றித் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். கருவுற்றவர் பூச்சிமருந்து புழங்கும் வயலில் வேலை செய்கிறாரா, அவர் இருக்கும் வீட்டில் அண்மையில் கரையானுக்கோ கரப்பானுக்கோ மருந்து அடித்தார்களா, பிள்ளை பெறுவதற்குள் இனி அடிக்கப் போகிறார்களா என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை. கேட்கும்படி எங்களுக்கு யாரும் சொன்னதும் இல்லை.

பூச்சிமருந்தால் வரும் கேடு என்றதும் நம் நினைவுக்கு வருகிறவர்கள் இருவர். ஒருவர் அதைக் குடித்துவிட்டு மருத்துவமனைக்குத் தூக்கிவரப்படுபவர். மற்றவர் எதிர்க்காற்றில் நின்று தெளித்து வரப்பில் மயங்கி விழுந்தவர். இந்த இரண்டு நிலையிலும் வாந்தி, வியர்வை, சுருங்கிய கண்மணி என்று அடையாளங்கள் வெளிப்படையாக இருக்கின்றன; அட்ரோபின் ஊசி என்று மாற்று மருந்தும் இருக்கிறது. நான் சொல்ல வருவது இவற்றில் சேராத மூன்றாவது வகை. தாய்க்குத் தலைவலிகூட வராத சிறிய அளவில் உடலுக்குள் போய், நஞ்சுக்கொடியைக் கடந்து பிள்ளையை எட்டி, அது பிறந்த பிறகு எடையிலோ நீளத்திலோ தலைச்சுற்றளவிலோ கைகால் அசைவிலோ மெல்லத் தெரியவரும் கேடு அது. இதில் தாய் தெளிப்பானைத் தொட்டிருக்கவே வேண்டியதில்லை.

இதைப் பற்றிய அறிவு பெரும்பாலும் கடந்த 25 ஆண்டுகளில் திரண்டது. அதில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் ஆய்வு வயலே இல்லாத ஓர் ஊரில் நடந்தது. நியூயார்க் நகரின் வடக்கு மன்ஹாட்டன், தெற்கு பிராங்ஸ் பகுதிகளின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கரப்பான்பூச்சிக்காகக் குளோர்பைரிபாஸ், டயசினான் என்ற இரண்டு மருந்துகளையும் தாராளமாக அடித்துவந்தார்கள். இரண்டும் ஆர்கனோபாஸ்பேட் இனத்தைச் சேர்ந்தவை. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே வசித்த கருவுற்ற பெண்களிடம், கடைசி மூன்று மாதங்களுக்குள் இரண்டு நாளைக்கு, சுற்றியுள்ள காற்றை உறிஞ்சிச் சேர்க்கும் சிறு கருவி ஒன்றை முதுகுப்பையில் வைத்துக் கொடுத்தார்கள். பேற்றின்போது தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து அதில் மருந்தின் அளவைப் பார்த்தார்கள். 2004இல் வெளியான முடிவின்படி, இரத்தத்தில் இவை மிகுந்திருந்த பிள்ளைகள், மிகக் குறைந்திருந்த பிள்ளைகளைவிடச் சராசரியாக 186 கிராம் எடை குறைவாகப் பிறந்தார்கள், நீளமும் குறைந்திருந்தது. அதே குழுவின் பிள்ளைகளை மூன்று வயதில் சோதித்தபோது, குளோர்பைரிபாஸ் மிகுதியாக ஏறியிருந்தவர்கள் உடலியக்க வளர்ச்சிக்கான மதிப்பெண்ணில் மற்றவர்களைவிட 6.5 புள்ளி பின்தங்கியிருந்தார்கள்.

இந்த ஆய்வை முதலில் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டுக்குள் குளோர்பைரிபாஸ் அடிப்பதைப் படிப்படியாக நிறுத்தும் ஏற்பாட்டை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2000ஆம் ஆண்டில் அறிவித்தது. 2001 ஜனவரிக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் மருந்தின் அளவு வெகுவாகக் குறைந்துபோயிருந்தது. மருந்துக்கும் எடைக் குறைவுக்கும் முன்பு காணப்பட்ட தொடர்பும் அவர்களிடம் காணப்படவில்லை. அடிப்பதை நிறுத்தினால் அதன் பலன் அடுத்த பேற்றிலேயே தெரியும் என்பதைவிட நம்பிக்கை தரும் செய்தி ஒரு செவிலியருக்கு வேறு என்ன இருக்க முடியும்? இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காக விழுங்கவைத்து இரத்தசோகையைத் தீர்ப்பதற்குக்கூட எங்களுக்கு இதைவிட அதிகப் பாடு.

எல்லா ஆய்வுகளும் ஒரே குரலில் பேசுகின்றன என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில், காய்கறிப் பண்ணைகளை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களில், 1999இலிருந்து ஏறத்தாழ 600 கருவுற்ற பெண்களைப் பதிவு செய்து, பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெண்டா எஸ்கெனாசி குழுவினர் பிள்ளைகள் வளர வளரத் தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். அங்கே பிறப்பெடையோ நீளமோ குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் தாயின் சிறுநீரில் மருந்தின் எச்சம் மிகுந்திருந்தவர்களுக்குப் பேறு சற்று முன்னதாக நேர்ந்தது. பிறந்த பிள்ளைகளிடம் இயல்பாக இருக்க வேண்டிய அனிச்சை அசைவுகளில் கோளாறு மிகுதியாகக் காணப்பட்டது. ஏழு வயதில் அறிவுத்திறன் சோதனையில், மிகுதியாக ஏறியிருந்த ஐந்தில் ஒரு பங்கினருக்கும் மிகக் குறைவாக ஏறியிருந்த ஐந்தில் ஒரு பங்கினருக்கும் இடையே 7 புள்ளி இடைவெளி இருந்தது. நியூயார்க்கின் இன்னொரு மருத்துவமனை ஆய்விலோ, மருந்தின் தடம் காணப்பட்ட தாய்மார் எல்லாருடைய பிள்ளைகளுக்கும் தலைச்சுற்றளவு குறையவில்லை. அந்த நஞ்சை உடைக்கும் பாராக்சோனேஸ் என்ற நொதி இரத்தத்தில் இயல்பாகவே குறைவாக இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கே குறைந்திருந்தது. ஒரே வயலில் ஒன்றாக நின்ற இரண்டு பெண்களில் ஒருத்தியின் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாமல் போவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். 'நான் மூன்று பிள்ளை சுமந்தபோதும் களை எடுத்தேன், எல்லாம் நன்றாகத்தானே இருக்கின்றன' என்று சொல்லும் அப்பத்தாக்களின் பேச்சு பொய்யில்லை. அதை எல்லாருக்கும் பொருத்திப் பார்ப்பதுதான் சரியில்லை.

பிள்ளையின் உடலியக்கத்தைக் குறித்து நேராகக் கேட்ட ஆய்வு சீனத்தில் நடந்தது. செச்சியாங் மாநிலத்துத் தாய்மார் ஏறத்தாழ 240 பேரின் தொப்புள்கொடி இரத்தத்தில் 30 பூச்சிக்கொல்லிகளைத் தேடிப் பார்த்து, பிள்ளைகளை ஆறாவது வாரத்திலும் ஒன்பதாவது மாதத்திலும் சோதித்த மிச்சிகன் பல்கலைக்கழகக் குழுவினர், 2017இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். ஆறாவது வாரத்தில் வேறுபாடு எதுவும் இல்லை. ஒன்பதாவது மாதத்தில், நாலெட் என்ற மருந்து மிகுந்திருந்த பிள்ளைகள் விரல்களால் பற்றுதல் போன்ற நுண்ணிய அசைவுகளிலும், குளோர்பைரிபாஸ் இருந்த பிள்ளைகள் நகர்தல், பற்றுதல், கண்ணும் கையும் இணைந்து செயல்படுதல் ஆகிய பலவற்றிலும் சில விழுக்காடு பின்தங்கியிருந்தார்கள். பெண் பிள்ளைகளிடம் இது சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது.

இதைப் படித்தபோது எனக்குப் பிள்ளைத்தமிழின் பருவங்கள்தாம் நினைவுக்கு வந்தன. ஐந்தாம் மாதத்தில் தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் இரு கையையும் சேர்த்துக் கொட்டும் சப்பாணி, ஓராண்டை ஒட்டித் தளர்நடையில் எட்டு வைக்கும் வருகை என்று, நம் புலவர்கள் பிள்ளையின் வளர்ச்சியை அசைவுகளால்தான் அளந்தார்கள், எடையால் அளக்கவில்லை. கையோடு கை சேர்வதற்குக் கண், கழுத்து, தோள், முதுகு எல்லாம் ஒத்துழைக்க வேண்டும். அது பிறந்த நாற்பதாம் நாளில் கேட்டுப் பெறக்கூடிய வேலை இல்லை. சீன ஆய்வில் ஆறாவது வாரத்தில் மறைந்திருந்தது ஒன்பதாவது மாதத்தில் தெரிந்ததற்கு இதையே ஒரு விளக்கமாக நான் கொள்கிறேன்.

எடையைப் பற்றிச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. மெக்சிகோவின் யாக்கி பள்ளத்தாக்கில் மருந்தடிக்கும் சமவெளியில் வளர்ந்த நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளையும், அதே இனத்து மக்கள் மருந்தில்லாமல் வாழ்ந்த மலையடிவாரத்துப் பிள்ளைகளையும் ஒப்பிட்டு 1998இல் வெளியான ஆய்வு ஒன்று, இரு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் உடல் வளர்ச்சியில் வேறுபாடு இல்லை என்றே சொன்னது. ஆனால் பந்தைப் பிடிக்கச் சொன்னபோதும், களைக்காமல் குதிக்கச் சொன்னபோதும், ஓர் ஆளை வரையச் சொன்னபோதும் சமவெளிப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். அந்தப் பிள்ளைகளை நம் அங்கன்வாடிக்குக் கொண்டுவந்து எடை பார்த்திருந்தால் அனைவரையும் பச்சைக் கோட்டில் புள்ளி வைத்து அனுப்பியிருப்போம். தாய் சேய் நல அட்டையில் எந்த மாதத்தில் கழுத்து நிற்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும், எப்போது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று படம் போட்டிருக்கிறது. தடுப்பூசிப் பக்கத்தில் தேதிகளை நிரப்புவதில் நாம் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட அந்தப் படங்களுக்குக் காட்டுவதில்லை என்பதைத் துறைக்குள் இருந்தவள் என்ற உரிமையோடு சொல்கிறேன்.

இந்த மருந்துகள் ஏன் பிள்ளையைக் குறிவைக்கின்றன என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நரம்பிலிருந்து தசைக்கும் நரம்பிலிருந்து நரம்புக்கும் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற பொருளை, வேலை முடிந்ததும் உடைத்து அப்புறப்படுத்த ஒரு நொதி இருக்கிறது. ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் அந்த நொதியை முடக்கிப் பூச்சியைக் கொல்கின்றன. மனித உடலிலும் அதே நொதி, அதே வேலை. மேலும், கருவில் அசிட்டைல்கோலினும் அந்த நொதியும் செய்தி கடத்தும் வேலையோடு நிற்பதில்லை; மூளையின் உயிரணுக்கள் பெருகுவதிலும், இடம் பெயர்ந்து அமர்வதிலும், ஒன்றோடொன்று இணைவதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. நஞ்சை உடைக்கும் பாராக்சோனேஸ் நொதியோ பிறந்த பிள்ளைக்குப் பெரியவர்களைவிட மிகக் குறைவு. வளர்ந்தவரின் உடல் சில நாட்களில் கழித்துவிடும் அளவு, கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் உடலில் வேறு வேலையைச் செய்துவிடுகிறது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். செட்டிநாடு தஞ்சாவூர் இல்லை. வானத்தையும் கண்மாயையும் நம்பி ஒரு போகம் எடுக்கும் பூமி. பருத்தி விளையும் மாவட்டங்களைப் போல இங்கே வாரத்துக்கு ஒரு முறை மருந்தடிப்பவர் இல்லை. ஆகையால் இந்தப் பேச்சு நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கிணற்றுப் பாசனத்தில் நடவு செய்யும் இடங்களில் நாற்றைப் பிடுங்கி, அதன் வேரைக் குளோர்பைரிபாஸ் கலந்த நீரில் ஊறவைத்து நடுவது பரிந்துரைக்கப்பட்ட முறைதான். ஊறிய நாற்று முடியைக் கையில் வாங்கி, வேரை விரலால் பிரித்து, முழங்கால் சேற்றில் நின்று நடுபவர்கள் பெண்கள். அவர்களைக் கேட்டால் 'நான் மருந்து அடிப்பதில்லை' என்பார்கள், சொல்வதும் உண்மை. தெளிப்பானுக்குத் தண்ணீர் சுமப்பதும், மூடியில் அளந்து ஊற்றிக் கலக்குவதும், மருந்தடித்த மறுநாளே அந்த வயலில் களைக்கு இறங்குவதும், அடித்துவிட்டு வந்தவரின் கைலியையும் சட்டையையும் பிள்ளைகளின் துணியோடு சேர்த்து அலசுவதும் பெண்களே. ரப்பர் கையுறை போடுங்கள் என்று சொல்வது எளிது. நடவில் கையுறையோடு நாற்றைப் பிரிக்க முடியாது என்பது ஒரு நாளாவது வயலில் இறங்கியவருக்குத் தெரியும்.

வயலைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துவது வீடு. எங்கள் ஊர்களின் பெரிய வீடுகள் ஆண்டில் பாதி நாள் பூட்டிக் கிடக்கின்றன. பர்மாத் தேக்கில் செய்த நிலையும் கதவும் தூணும் உத்தரமும் கரையானுக்கு இரையாவதைப் பார்த்துக்கொண்டிருக்க எந்த வீட்டுக்காரருக்கும் மனம் வராது. முன்னோருக்கான படைப்பு, கல்யாணம், அறுபதாம் ஆண்டுச் சாந்தி என்று ஏதாவது ஒரு காரியத்துக்காக வீடு திறக்கும்போது, வெள்ளையடிப்பதோடு கரையானுக்கு மருந்து வைப்பதும் சேர்ந்தே நடக்கும். நம் நாட்டில் கட்டடக் கரையானுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவருவது அதே குளோர்பைரிபாஸ்தான். தரநிர்ணயப் பணியகத்தின் விதிமுறையிலேயே அதற்கு இடம் உண்டு. சுவரோரம் தரையில் வரிசையாகத் துளையிட்டு, மருந்தை உள்ளே செலுத்தித் துளையை அடைத்துவிடுவது முறை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் துளை போட யாருக்குக் கை வரும்? ஆகவே, மரத்தின் மேலேயே தூரிகையால் பூசச் சொல்லியோ தெளிக்கச் சொல்லியோ காரியத்தை முடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. தரைக்குக் கீழே, மண்ணுக்குள் இருக்க வேண்டிய மருந்து அப்போது ஆள் புழங்கும் அறையின் காற்றில் இருக்கிறது.

அதே வீட்டுக்குத்தான் பெண்ணைப் பேறுகாலத்துக்கு அழைத்து வருகிறோம். ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு என்றால், அதற்கு இரண்டு வாரம் முன்பே வீடு ஒழுங்காக வேண்டும்; வேலையெல்லாம் முடிந்த கையோடு, மருந்து வாடை போவதற்குள் பெண் வந்து இறங்குகிறார்; காற்றோட்டம் குறைந்த இரண்டாம் கட்டு அறை ஒன்றை அவருக்கு ஒதுக்கி, குளிர்காற்று பட்டுவிடக் கூடாது என்று சன்னலையும் சாத்திவைக்கிறோம். பங்காளிகள் சேர்ந்து வைத்திருக்கும் வீடாக இருந்தால் சிக்கல் இன்னும் அதிகம். ஒரு புள்ளி, அதாவது பங்குள்ள குடும்பங்களில் ஒன்று, தன் அறைக்கு மருந்து வைக்க ஆள் அழைத்துவரும்போது, அடுத்த அறையில் பிள்ளைத்தாய்ச்சி ஒருவர் தங்கியிருப்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நியூயார்க்கிலும் செச்சியாங்கிலும் அளக்கப்பட்டது தொப்புள்கொடி இரத்தம். அதில் காணப்படுவது பெரும்பாலும் பேற்றை ஒட்டிய காலத்தில் தாயின் உடலில் ஏறிய மருந்து. முதல் மூன்று மாதம் கழிந்தால் பயமில்லை என்ற எண்ணம் இந்த விஷயத்தில் துணைக்கு வராது. முதல் மாதங்கள் ஒரு வகையில் முக்கியம். கடைசி மாதங்கள் இன்னொரு வகையில் முக்கியம். ஊருக்குப் பெரிய வீடுகளை மட்டும் நான் குறை சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். ஓட்டு வீட்டில் எறும்புப் புற்றில் மருந்தைக் கொட்டுவதும், மீதி இருக்கும் மருந்துப் புட்டியை அடுப்படிப் பரணில் ஏற்றி வைப்பதும், காலி டப்பாவைக் கழுவி மண்ணெண்ணெய்க்கு வைத்துக்கொள்வதும் எங்கும் நடக்கின்றன.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்கலாம். காசர்கோட்டில் அரசுத் துறை முந்திரித் தோட்டங்களின் மேல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வானிலிருந்து எண்டோசல்பான் தெளித்ததன் விளைவு ஊரறிந்தது. உச்ச நீதிமன்றம் 2011இல் அந்த மருந்துக்குத் தடை விதித்தது, பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2017இல் கேரள அரசுக்கு உத்தரவிட்டது. அது வேறு இனத்து நஞ்சு, அளவும் வேறு. அதை நம் ஊரோடு ஒப்பிட்டு யாரையும் அச்சுறுத்த நான் விரும்பவில்லை. குளோர்பைரிபாஸைப் பொறுத்தவரை, ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் அதற்கான அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. 2025இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில், சில விலக்குகளோடு, உலகம் முழுதும் கைவிட வேண்டிய பொருட்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. நம் நாட்டில் 2020ஆம் ஆண்டின் வரைவு ஆணையில் தடை செய்ய உத்தேசித்த 27 மருந்துகளில் அதுவும் ஒன்று. 2023இல் இறுதி ஆணை வந்தபோது தடைக்குள் வந்தவை மிகச் சிலவே, குளோர்பைரிபாஸ் அவற்றில் இல்லை. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மாநில அரசு தானாக ஒரு மருந்தை நிறுத்திவைக்கக்கூடிய காலம் 60 நாள். மேலும் 30 நாள் நீட்டிக்கலாம், அவ்வளவே. தற்கொலைகளைத் தடுப்பதற்காகத் தமிழக அரசு இந்தப் பிரிவைப் பயன்படுத்திச் சில மருந்துகளைத் தற்காலிகமாகத் தடுத்து வைத்ததும் உண்டு. நிரந்தரத் தடை தில்லியின் கையில் இருக்கிறது. அது வரும்வரை நம் வட்டாரத்துப் பெண்கள் பிள்ளை பெறுவதைத் தள்ளிப்போட முடியாது.

மறுத்துச் சொல்பவர்களின் பேச்சிலும் நியாயம் உண்டு. இந்த ஆய்வுகள் தொடர்பைக் காட்டுகின்றன; இன்ன பிள்ளைக்கு இன்ன குறை இந்த மருந்தால் வந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. வறுமை, இரத்தசோகை, அடுப்புப் புகை, கணவர் பிடிக்கும் பீடி, தாயின் கல்வி என்று பிள்ளையின் வளர்ச்சியைத் தொடும் காரணங்கள் நிறைய உண்டு. ஆய்வாளர்கள் அவற்றைக் கணக்கில் சேர்த்துக் கழித்தாலும் முழுமையாகக் கழித்துவிட முடியாது. சில விழுக்காடு வேறுபாடு ஒரு தனிப் பிள்ளையின் வாழ்வில் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். ஆனால் வட்டாரம் முழுவதும் பிறக்கும் பிள்ளைகளை எடுத்துக்கொண்டால், சராசரி சற்று இறங்கும்போது சிறப்புப் பயிற்சி தேவைப்படும் எல்லைக்குக் கீழே போகும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடும். தவிரவும், தவிர்ப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவாக இருக்கும்போது, முழு நிரூபணம் வரட்டும் என்று காத்திருப்பது எங்கள் துறையின் வழக்கம் இல்லை. கொசுமருந்தையும் இதே தராசில் வைக்கக் கூடாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். டெங்கு கருவுற்றவரின் உயிருக்கே ஆபத்து. புகையடிக்க வருபவர்களைத் தடுக்காமல், அந்த நேரத்தில் அவரை வேறு தெருவுக்கு அனுப்பிவிட்டு, இரவில் கொசுவலை கட்டினால் போதும்.

நான் கேட்பது இவ்வளவுதான். முதல் பதிவின்போதே, அதாவது 12 வாரத்துக்குள், வயல் வேலை, வீட்டுக் கரையான் மருந்து, வீட்டில் மருந்துப் புட்டி வைக்கும் இடம் ஆகியவற்றைக் குறித்து செவிலியர் கேட்டு அட்டையில் எழுத வேண்டும். ஏழாம் மாதப் பார்வையில், பேற்றுக்கு எந்த வீட்டுக்குப் போகிறீர்கள் என்று கேட்கும்போதே, அந்த வீட்டில் மருந்து வேலை உண்டா என்பதையும் கேட்க வேண்டும். இதற்குப் புதிய பணியிடமோ கருவியோ தேவையில்லை. மாவட்டச் சுகாதார அலுவலர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். கேட்டுவிட்டு வேலைக்குப் போகாதே என்று சொல்வது மட்டும் உதவாது என்பதையும் அறிவேன். நடவுக் கூலியை இழக்க முடியாத பெண்ணுக்கு அறிவுரை வயிற்றை நிரப்பாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பில் தரப்படுகிறது. முதல் தவணை தாமதமில்லாமல் கைக்கு வந்தால் மருந்து புழங்கும் சில வாரங்களையாவது அவர் தவிர்த்துக்கொள்ள முடியும். வயல் சொந்தக்காரர்களும், கருவுற்ற பெண் வேலைக்கு வந்தால், மருந்தில் ஊறிய நாற்றைப் பிரிக்கும் வேலையிலிருந்து விலக்கிக் கதிர் அறுப்பு, கட்டுக் கட்டுதல் போன்ற வேலைகளைக் கொடுக்கலாம். அப்படிச் செய்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதை மகிழ்ச்சியோடு சொல்கிறேன்.

வேளாண்மைத் துறையினரிடம் ஒரு வேண்டுகோள். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையமும் செட்டிநாட்டு ஆராய்ச்சி நிலையமும் நமக்கு அருகிலேயே இருக்கின்றன. விளக்குப் பொறி, பறவை தாங்கி, முட்டை ஒட்டுண்ணி அட்டை, வேப்பங்கொட்டைச் சாறு என்று மருந்தைக் குறைக்கும் வழிகளை அவர்கள் ஆண்டுதோறும் பயிற்சியில் சொல்லித்தான் வருகிறார்கள். அந்தப் பயிற்சிக்கு வருபவர்கள் பெரும்பாலும் பட்டா வைத்திருக்கும் ஆண்கள். நடவுக் குழுப் பெண்களை மகளிர் சுய உதவிக் குழுக்கள் வழியாக அழைத்து, புட்டியின் மேல் இருக்கும் முக்கோணத்தின் நிறம் சொல்வது என்ன, சிவப்பும் மஞ்சளும் எவ்வளவு கடுமையானவை, மருந்தடித்த வயலில் எத்தனை நாள் கழித்து இறங்கலாம் என்பதைக் கற்பிக்க வேண்டும். லேபிளில் அச்சிட்டிருக்கும் எழுத்து என் கண்ணாடிக்கே எட்டவில்லை. வயலில் நிற்பவருக்கு அது எப்படி எட்டும்?

கரையான் மருந்து வேலை எடுப்பவர்கள் உரிமம் பெற்றவர்கள். வேலையைத் தொடங்கும் முன் வீட்டில் கருவுற்றவரோ கைக்குழந்தையோ உண்டா, வரப் போகிறார்களா என்று கேட்பதையும், எந்த மருந்தை, எந்த அறையில், எந்தத் தேதியில் பயன்படுத்தினோம் என்று ரசீதில் எழுதிக் கொடுப்பதையும் அவர்களின் உரிம நிபந்தனையாகவே ஆக்கலாம். வீட்டுக்காரர்கள் பேறுகாலம் முடிந்து பிள்ளை தாயோடு ஊர் திரும்பிய பிறகு இந்த வேலையை வைத்துக்கொள்ளலாம். அதுவரை கரையான் கட்டிய மண் கோட்டைச் சுரண்டி எடுத்து, ஈரக்கசிவை நிறுத்தி, வீட்டைத் திறந்து காற்றாட விட்டால் தேக்கு உத்தரம் சில மாதம் தாங்கும். ஏற்கெனவே மருந்து வைத்துவிட்ட வீடாக இருந்தால், மாற்று அறையோ மாற்று வீடோ பார்ப்பது நல்லது. முடியாதபோது அறையைப் பகல் முழுதும் திறந்து வைத்து, தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், அதைக் கருவுற்றவர் செய்யக் கூடாது.

பிள்ளைகளின் பக்கம் செய்ய வேண்டியது, அட்டையில் இருக்கும் வளர்ச்சிப் படங்களை ஒவ்வொரு தடுப்பூசி நாளிலும் தாயிடம் காட்டிக் கேட்டுக் குறிப்பது. தாமதம் தெரிந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப 2013 முதல் நடைமுறையில் உள்ள சிறார் நலத் திட்டத்தில் வழி இருக்கிறது. 'ஆண் பிள்ளை மெதுவாகத்தான் நடக்கும்', 'அவன் அப்பனும் இப்படித்தான்' என்று வீட்டில் சொல்லித் தள்ளிப்போடும் மாதங்கள், பயிற்சிக்கு மிகப் பயன்படும் மாதங்கள். புரட்டாசியில் விதைப்பும் நடவும் தொடங்கிவிடும். தை, மாசியில் கல்யாணங்களுக்காக வீடுகள் திறக்கும். ஆகவே அந்தச் சுற்றறிக்கை ஆவணி முடிவதற்குள் துணை சுகாதார நிலையங்களுக்கு வந்து சேருமாறு சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரு மாவட்டங்களின் சுகாதாரத் துறையினரும் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற சமுதாய சுகாதார செவிலியர்,
காரைக்குடி வட்டம்.